ம் கொட்டும் பெட்டி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்க நேரமில்லை, அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். இன்று கைப்பெட்டிகளுக்கு, அதாவது விபத்தில் குதிக்கும் விமானிகள் உதவி கேட்டுப் பேசும் ரேடியோக்களுக்கு, வருடாந்திரச் சோதனை. பதினெட்டுப் பெட்டிகள், பதினெட்டும் தேறின. வழக்கம்போல வாசலில் இருக்கும் சிவப்புத் தட்டை ஆளுக்கொரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போனோம்.

சாயங்காலம் வந்தால் அடுப்பு பளபளவென்று இருக்கிறது. இவர் துடைத்திருக்கிறார். அதற்குக் கூலியாக, ஒரே பல்லை மூன்றாவது தடவை உடைத்துக்கொண்டு வந்த ஒருவரின் கதையைப் பத்து நிமிடம் சொன்னார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "ஒரு ம் கூடக் கொட்ட மாட்டியா?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பல் டாக்டர். நாள் முழுக்க வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களிடம் பேசி, பதிலுக்கு 'ம்' மட்டுமே வாங்கிப் பழகியவர். வீட்டிலும் அது கிடைக்காவிட்டால் சாப்பாடு இறங்காது.

பிப்ரவரி 5, வியாழன்

மதியம் வரவேற்பிலிருந்து போன். "உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார். முன்னாடி போர் விமானியாம். என்ன விஷயம்னு கேட்டா, நீங்க கையெழுத்துப் போட்ட ஒரு காகிதத்தைக் காட்டுறார்."

முப்பத்தைந்து வயதிருக்கும். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்து நிதானமாக வாசித்தார். "கருவியில் குறை ஏதும் இல்லை. விமானி பதற்றத்தில் அதைச் சரிவர இயக்கவில்லை." கீழே என் கையெழுத்து. நன்றாகப் படிக்கும்படி இருந்தது.

"மேடம், நான் அறுபத்தொரு தடவை கூப்பிட்டேன்" என்றார்.

அந்த விபத்து உடனே நினைவுக்கு வந்தது. இரண்டு வருடம் ஆகிறது. பனிமலைக்கு மேல் எஞ்சின் நின்று பாராசூட்டில் குதித்தவர். இறங்கியதில் கால் முறிந்தது. வாரை அவிழ்த்ததும் காற்று பாராசூட்டைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. பனியில் முப்பது மணி நேரம். பயிற்சியில் சொன்னபடி அரை மணிக்கு ஒரு தடவை கைப்பெட்டியில் கூப்பிட்டாராம், எண்ணிக்கொண்டே.

"ஹெலிகாப்டர் நாலு தடவை என் தலைக்கு மேல போச்சு. அப்ப எண்ணலை. அமுக்கின விரலை எடுக்கவே இல்லை. அறுபத்தொண்ணாவது தடவைதான் கேட்டுச்சாம். அதுக்குள்ள காலு போச்சு."

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அந்த நிலைமையில எண்ணிக்கை தப்பலாமில்ல?" என்று கேட்டுவைத்தேன்.

கோபப்படவில்லை. "அந்த ராத்திரியைப் பத்தி என்கிட்ட எதுவும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். எண்ணிக்கை மட்டும் கேளுங்க. அது தப்பாது" என்றார். காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மாடிப்படியில் அந்தக் கால் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை நான் அசையவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

எதற்கு அப்படிக் கேட்டேன்? நாக்கை அறுத்துப் போடலாம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சமையல் வேலைக்கு நடுவில் இவர் விடாமல் நச்சரித்ததால் சொன்னேன். குதிக்கிற விமானியிடம் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று பாராசூட் பையில். அது விரிந்ததும் தானாக ஊளையிட ஆரம்பிக்கும், 'ஒருத்தன் விழுந்துட்டான், ஒருத்தன் விழுந்துட்டான்' என்று. அதை யாரும் பேசவைக்க முடியாது. இன்னொன்று அவன் சட்டையில். பேசுவதற்கு. அதுதான் எங்கள் கைப்பெட்டி. இரண்டும் ஒரே அலைவரிசை, ஏனென்றால் தேடப் போகிறவர்கள் அந்த ஒன்றைத்தான் கேட்பார்கள்.

"ஒண்ணு கத்திக்கிட்டே இருந்தா இன்னொண்ணு எப்படிப் பேசும்?" என்று கேட்டார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

கைப்பெட்டிக்கு மூன்று மடங்கு பலம், ஊளையை அமுக்கிக்கொண்டு மேலே வந்துவிடும் என்றேன். "அப்படியா" என்று விட்டுவிட்டார். எனக்குத்தான் விட முடியவில்லை. மூன்று மடங்கு என்பது காகிதத்தில் போட்ட கணக்கு. யார் கேட்டுப் பார்த்தது?

பிப்ரவரி 9, திங்கள்

பழைய கோப்பை எடுத்துவரச் சொன்னேன். அவருடைய குரல் முதன்முதலில் கேட்டது இரண்டாம் நாள் மதியம் மூன்று மணி. சரி. பாராசூட்டிலிருந்த ஊளைப் பெட்டியின் பேட்டரி தீர்ந்து அது நின்றது எப்போது?

இரண்டு ஐம்பத்திரண்டு.

எட்டு நிமிடம். இரண்டு நேரமும் ஒரே கோப்பில், பதினோரு பக்க இடைவெளியில் இருக்கின்றன. நான் இரண்டையும் படித்துத்தானே கையெழுத்துப் போட்டேன்?

பிப்ரவரி 10, செவ்வாய்

சிவப்புத் தட்டு.

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சோதனையின்போது பக்கத்திலிருந்த ஓர் ஊளைப் பெட்டி தானாகக் கத்தத் தொடங்கி, யாரோ விழுந்துவிட்டதாக நினைத்து மூடுபனியில் ஒரு ஹெலிகாப்டரைக் கிளப்பிவிட்டார்கள். மலையில் மோதாமல் தப்பித்தது. அதற்குப் பிறகு நான்தான் விதி எழுதினேன். கைப்பெட்டியைச் சோதிக்கும் முன் ஊளைப் பெட்டியின் பேட்டரியைக் கழற்றி வாசலில் சிவப்புத் தட்டில் வைக்க வேண்டும். தட்டில் பேட்டரியைக் கண்ணால் பார்த்து, கையால் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு எனக்குப் பாராட்டுச் சான்றிதழ். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

பன்னிரண்டு வருடமாக இந்த இரண்டு பெட்டியும் ஒரு தடவைகூட ஒன்றாக உயிரோடு இருந்ததில்லை. எங்க கிட்ட மட்டும். விழுந்தவன்கிட்ட ரெண்டும் உயிரோடத்தானே இருக்கும்? நான் எழுதின விதி. நானே எழுதினது. தினம் தட்டைத் தட்டித் தட்டி அதை மறைச்சு வெச்சிருக்கேன்.

பிப்ரவரி 12, வியாழன்

எதிர்க் கட்டிடத்துக்குப் போனேன். ஊளைப் பெட்டி அங்கே செய்கிறார்கள். அதன் தலைவரை எல்லோரும் ஊளைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவி உட்பட. இருபது வருடமாக கேன்டீனில் பார்த்துச் சிரித்துக்கொள்வதோடு சரி.

"என் பெட்டி மேல பழியைப் போடப் பார்க்கிறியா?" என்று எகிறினார்.

"இல்லை. என் தட்டு மேல போடப் போறேன். வந்து கூட நில்லுங்க."

இரும்பு அறைக்குப் போனோம். அங்கிருந்து அலை வெளியே கசியாது, யாரையும் கிளப்பிவிடாது. தட்டிலிருந்து பேட்டரியை எடுத்து ஊளைப் பெட்டியில் போட எனக்குக் கை வரவில்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம். அவர்தான் போட்டார். கைப்பெட்டியை ஒரு மணி நேரம் ஐஸில் புதைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் உள்ளே நின்று ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே, உள்ளிருக்கும் ரிசீவரிலிருந்து கம்பி வழியாக வரும் ஹெட்போனில் கேட்க வேண்டும்.

ஊளை. வெறும் ஊளை. கண்ணாடி வழியாக அவர் வாய் அசைவது தெரிகிறது. காதில் ஒரு எண்கூட விழவில்லை.

பிறகு இடம் மாற்றிக்கொண்டோம். நான் ஐம்பது வரை எண்ணிவிட்டு வெளியே வந்தேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். "நீ எப்ப ஆரம்பிக்கப் போறேன்னு காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார்.

குளிரில் கைப்பெட்டியின் பலம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஹெலிகாப்டரோ ஊளை வரும் பக்கமாகத்தான் போகும். போகப் போக ஊளை கூடும், குரல் மங்கும். அவர்கள் தேடத் தேட அந்த விமானி காணாமல் போயிருக்கிறார்.

பிப்ரவரி 13, வெள்ளி

அந்த விமானிக்குப் போன் செய்தேன். "நீங்க சொன்ன அறுபத்தொண்ணும் உண்மை. தப்பு எங்களோடது. என்னோடது" என்றேன். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு, "லைன்ல இருக்கேன்" என்றார்.

பிப்ரவரி 17, செவ்வாய்

இயக்குநரைப் பார்த்தேன். நல்ல மனிதர். பிரச்சினை என்று வந்தால் பூசி மெழுகுவதில் கெட்டிக்காரர். உடனே ஒரு சுற்றறிக்கை விட்டார்: இனி குதித்தவர்கள் கைப்பெட்டியை இரண்டாம் அலைவரிசைக்கு மாற்றிக் கூப்பிட வேண்டும், தேடுபவர்கள் அதையும் கேட்க வேண்டும். மாற்றுவதற்கு இருப்பது கடலைப்பருப்பு அளவில் ஒரு குமிழ். விரல் விறைத்தவன் எங்கே திருப்புவது? ஆனால் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

"பெட்டியைச் சரி பண்ணும்மா, யாரு வேண்டாம்னது? பழைய அறிக்கையை எதுக்குக் கிண்டுறே? மூடின கோப்பு. திறந்தா உன் பேருதான் நாறும்."

"அதுல அவர் பதறிட்டாருன்னு எழுதியிருக்கோம் சார். அவர் பதறவே இல்லை."

"முதல்ல பெட்டி. அறிக்கையை அப்புறம் பார்க்கலாம்" என்றார். அப்புறம் என்றால் அவர் அகராதியில் ஒருபோதும் இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? பெட்டியையும் மாற்றுவேன், அறிக்கையையும் மாற்றுவேன். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன என்னால் முடியாது.

மார்ச் 11, புதன்

ஊளைக்காரர் ஒத்துக்கொண்டார். இனி அவர் பெட்டி பத்து விநாடி கத்தும், இருபது விநாடி வாயை மூடும். அந்த இடைவெளியில் கைப்பெட்டியில் பச்சை விளக்கு எரியும், இப்போது பேசு என்று. "என் வாழ்நாள்ல முதல் தடவையா வாயை மூடச் சொல்லி ஒரு பெட்டி செய்றேன்" என்று புலம்பிக்கொண்டே படம் வரைந்தார். நன்றாக வரைந்திருக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

அறுபத்தொன்று வந்தார். (நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவரே போனை எடுத்து "அறுபத்தொண்ணு பேசுறேன்" என்கிறார்.) பச்சை விளக்கைக் காட்டினேன். தலையாட்டினார். திருப்தியில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

"சொல்லுங்க" என்றேன்.

"இதுல நான் பேசலாம். அவங்களுக்குக் கேட்டுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டா அவங்க பதில் பேசுவாங்க."

"அவங்க தூரத்துல இருந்தா? காத்து அடிச்சா? எனக்குக் காது அடைச்சிருந்தா?" தடியைத் தரையில் ஊன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, குளிரைத் தாங்கிட்டேன். கால் வலியைத் தாங்கிட்டேன். இருபது தடவை கூப்பிட்டதுக்கு அப்புறம், நான் ஏற்கெனவே செத்துட்டேனோ, அதான் யாருக்கும் கேட்கலையோன்னு தோணிச்சு பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. பெரிசா ஒண்ணும் வேண்டாம். யாராவது ஒரு ம் கொட்டியிருந்தா போதும்."

முதல் தடவையாக அக்கா என்றார். அவர் போன பிறகு வெள்ளைப் பலகையில் பெரிதாக 'ம்' என்று எழுதிவைத்தேன்.

மார்ச் 20, வெள்ளி

திட்டம் இதுதான். பொத்தானை அமுக்கியதும் குரலுக்கு முன்னால் கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு செய்தி போகும்: யார், எங்கே. எந்த ஹெலிகாப்டர், எந்தக் கப்பல், எந்தக் கோபுரம் அதை வாங்கினாலும் வாங்கியதாகத் தானாக ஒரு பதில் திரும்பும். வந்ததும் கைப்பெட்டி அதிரும். எத்தனை தடவை கூப்பிட்டான், எத்தனை தடவை பதில் வந்தது என்று பெட்டியே எண்ணி வைத்துக்கொள்ளும். இனிமேல் யாரிடமும் யாரும் எண்ணிக்கைக்குச் சாட்சி கேட்கக் கூடாது.

"இடைவெளி விட்டாச்சு, போதாதா? இந்த அதிர்வெல்லாம் ஆடம்பரம்" என்றார் இயக்குநர். பலகையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செப்டம்பருக்குள்ள முடி" என்று எழுந்து போனார்.

ஏப்ரல் 9, வியாழன்

மீன் குளிர்கிடங்கு ஒன்றில் சோதனை. எங்கள் குளிர் அறை ஒரு பெட்டிக்குத்தான் போதும், ஓர் ஆள் படுக்க முடியாது. அறுபத்தொன்று விமானி உடையை மாட்டிக்கொண்டு மீன் கூடைகளுக்கு நடுவே படுத்துவிட்டார். கிடங்குக்காரர் எட்டிப் பார்த்து, "இவரை எந்த விலைக்குப் போடுறது?" என்று கேட்டார். "கால் கிலோ குறையும், பார்த்துப் போடுங்க" என்று உள்ளேயிருந்து குரல்.

சிரித்ததெல்லாம் அதோடு சரி. பதில் வந்தது, பெட்டி அதிரவில்லை. உள்ளே இருந்த குட்டி மோட்டாரின் கிரீஸ் உறைந்துவிட்டது. இன்னொன்று கொடுத்தோம். அதிர்ந்தது, அவருக்குத் தெரியவில்லை. தடித்த உடை, மரத்துப்போன கை.

இருபத்தாறு தடவை முயன்றோம். என் மூக்கு உடைந்ததுதான் மிச்சம்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மூன்று வகை மோட்டார். மூன்றும் குப்பை. என் மேலேயே மீன் நாற்றம் அடிக்கிறது. இவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவைக்கிறார்.

மே 3, ஞாயிறு

இவர் வழக்கம்போலக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். காது சுத்தமாகக் கேட்காத ஒரு பெரியவருக்குப் பல்லைக் குடைந்தாராம். அவர் துள்ளி எழுந்து, "இவ்வளவு சத்தமா பண்ணாதீங்க" என்றாராம்.

"காது கேட்காதவருக்கு எப்படிச் சத்தம்?" என்றேன்.

"பல்லுல வர்ற சத்தம் காதுக்கா போகுது? தாடை எலும்பு வழியா நேரா மண்டைக்குள்ள போயிடும்" என்று தன் கடைவாயைத் தட்டிக் காட்டினார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பெட்டியைப் பேசும்போது எங்கே வைப்போம்? தாடையில்தானே?

"என்ன ஆச்சு உனக்கு? ஒரு ம்மாவது சொல்லு" என்றார்.

"ம்" என்றேன். கன்னத்தைப் பிடித்துக் கிள்ளிவிட்டு மேஜைக்கு ஓடினேன்.

மே 29, வெள்ளி

மோட்டாரே வேண்டாம். மெல்லிய உலோகத் தகடு ஒன்று, பெட்டியின் தாடையில் படுகிற விளிம்பில். கிரீஸ் இல்லை, உறைய ஒன்றுமில்லை. அதே கிடங்கு, அதே கூடைகள். அறுபத்தொன்றுக்குக் காதில் பஞ்சு அடைத்து, கையில் இரண்டு கையுறை போட்டு விட்டோம். முதல் தடவை அமுக்கினார்.

கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார்.

"அக்கா, இது மண்டைக்குள்ள ம்ங்குது" என்றார்.

திரும்பத் திரும்ப அமுக்கினார். நாற்பது தடவையும் சரி. போதும் என்று கூப்பிட்டும் எழுந்து வர மனசில்லை அவருக்கு. கிடங்குக்காரர்தான் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு வெளியே வரவழைத்தார்.

ஜூலை 14, செவ்வாய்

ஆய்வுக் குழுவின் கூட்டம். ஏழு பேர். புதுப் பெட்டிகளைக் காட்டினோம். எல்லோருக்கும் பிடித்துவிட்டது, தாடையில் வைத்து வைத்துப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். இயக்குநர் கோப்பை மூடப் போனார்.

"இன்னொண்ணு இருக்கு" என்று எழுந்தேன். சிவப்புத் தட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், மேஜையில் வைத்தேன். எழுதிவைத்ததைப் படித்தேன்: "விமானி கருவியைச் சரியாகவே இயக்கினார். இரண்டு பெட்டிகளையும் சேர்த்துச் சோதிக்க முடியாதபடி நான் எழுதிய விதியே இந்தக் குறையை மறைத்தது. பழைய அறிக்கை தவறு."

ஒருவர் கேட்டார், "அப்ப நீங்க போட்ட கையெழுத்து?"

"தப்பான கையெழுத்து" என்றேன். "தெரிஞ்சு போடலை. ஆனா பார்த்திருக்கணும். எட்டு நிமிஷம் வித்தியாசம் அந்தக் கோப்புலயே இருக்கு."

ஊளைக்காரர் எழுந்து, "என் கட்டிடத்துலயும் யாரும் சேர்த்துச் சோதிக்கணும்னு கேட்கலை. அதையும் எழுதிக்குங்க" என்றார். அவரைப் பேசச் சொல்லி நான் கேட்கவேயில்லை. சொல்லிவிட்டு, நீ என்ன பெரிய இவளா என்பதுபோல என்னை முறைத்தார்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

திருத்திய அறிக்கை வந்தது. எனக்குக் கண்டனக் கடிதம். சோதனைப் பிரிவுத் தலைமை வேறொருவருக்கு, நான் வடிவமைப்பில் மட்டும். சான்றிதழைச் சுவரிலிருந்து நானே கழற்றினேன். ஆணி அடித்த இடத்தில் ஓட்டை தெரிகிறது.

வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். பன்னிரண்டு வருடம். மதியம் கழிப்பறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அறிக்கையின் முதல் பிரதியைத் தபாலில் அறுபத்தொன்றுக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

அவரிடமிருந்து ஒரே வரி: "அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன்."

செப்டம்பர் 30, புதன்

முதல் இருநூறு பெட்டிகள் கிளம்பின. கெடு தப்பவில்லை. சோதனை அறைக்குப் புது விதி எழுதியிருக்கிறார்கள், இரண்டு பேட்டரியும் போட்டு இரும்பு அறையில் ஒரு சுற்று. தட்டில் இப்போது சாவிகளைப் போட்டுவைக்கிறார்கள். பழக்க தோஷம், போகிற போக்கில் இன்னும் எல்லோரும் தட்டுகிறார்கள். நானும்தான்.

ஜனவரி 19, செவ்வாய்

நேற்று ஒரு பெண் விமானி கடலில் குதித்திருக்கிறார். அலை அதிகம், காற்றும். காலையில் எங்களுக்குச் சொன்னார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மதியம் பெட்டி வந்து சேர்ந்தது, உப்புப் பூத்து. ஊளைக்காரரும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். கணினியில் சொருகிப் பதிவைத் திறந்தேன்.

அழைப்பு: 1. பதில்: 1.

நாற்பத்தேழு நிமிடத்தில் தூக்கியிருக்கிறார்கள். மீட்டவர்கள் அவரிடம் ஏன் மறுபடி கூப்பிடவில்லை என்று கேட்டார்களாம். "அதான் கேட்டுடுச்சுன்னு சொல்லிச்சே" என்றாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அறுபத்தொன்றுக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஒண்ணா?" என்றார்.

"ஒண்ணுதான்."

"அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?"

"ஒரு கீறல் கிடையாது."

இந்தத் தடவை லைனில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, மூச்சு கேட்டது. பிறகு அவராகவே ஆரம்பித்தார். இருட்டியதும் ஹெலிகாப்டர் திரும்பிப் போனது. பனி காலணிக்குள் இறங்கியது. தூங்கினால் அவ்வளவுதான் என்று தெரிந்து, அடுத்த அரை மணி வரைக்கும் அம்மா வீட்டு அலமாரியில் என்னென்ன இருக்கும் என்று மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாராம். முப்பத்து மூன்றாவது தடவை கூப்பிடும்போது தன் குரலே தனக்கு அடையாளம் தெரியாமல் போனது. இவர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார். டீ ஆறிப்போயிற்று. அவர் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை நான் நடுவில் எதுவும் கேட்கவில்லை, ம் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தேன்.